நகரும் செல் – 11: தண்ணீருக்கு ஒரு வாசல்

1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் அண்ணாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உணவுக்குழாயில் புற்று. கட்டியை எடுத்தாகிவிட்டது என்ற செய்தி வந்தபோது தமிழ்நாடு ஆறுதல் அடைந்தது. அவரும் ஊர் திரும்பினார், கோப்புகளைப் பார்த்தார், மேடையும் ஏறினார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் போய்விட்டார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அவர் பெயரால் ஓர் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கிழக்கே சென்னைக்குள் போனால், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை காரும் கண்ணாடியும் டயரும் கைபேசியும் செய்கிற தொழில்தடம் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. ஷிஃப்ட் பஸ்கள் ஓடுகிற அதே சாலையில்தான், மடியில் ஸ்கேன் உறையை வைத்துக்கொண்டு அரசுப் பேருந்தில் போகிறவர்களும் போகிறார்கள். அவர்களுடைய வீட்டார் டாக்டரிடம் கேட்கும் கேள்வி அரை நூற்றாண்டாக மாறவில்லை: “கட்டியத்தான் எடுத்துட்டீங்களே டாக்டர், அப்புறம் எப்படி இன்னொரு இடத்துல வந்துச்சு?”

இந்தத் தொடரின் சென்ற பகுதியில் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட்டைப் பார்த்தோம். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஒன்றுசேர்த்து, புற்றுச் செல்கள் போய்த் தங்கும் உறுப்புகள் தற்செயலாக அமைவதில்லை என்று 1889-இல் எழுதியவர். செல் எங்கே போகிறது என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. எப்படிப் போகிறது என்பதற்கு அவர் காலத்தில் யாரிடமும் பதில் இல்லை. காலில்லாத, துடுப்பில்லாத ஒரு செல், தான் பிறந்த திசுவிலிருந்து பிரிந்து, அடர்ந்த நார்களுக்கு இடையே நெளிந்து, ரத்தக்குழாயின் சுவரைக் கடந்து, வேறொரு உறுப்பில் ஏறுகிறது. இந்தப் பயணத்தில் தண்ணீருக்கு என்ன வேலை என்பதுதான் இந்தப் பகுதியின் கதை. கதையின் முதல் காட்சி சென்னையில் நடக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் அதை வேறு தலைப்பில் வைத்துவிட்டதால், புற்றுநோயோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றபோது ஜி. என். ராமச்சந்திரனுக்கு முப்பதை ஒட்டிய வயது. சர் சி. வி. ராமன் பரிந்துரைத்தவர், துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் தேடிப் பிடித்து வந்தவர். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோலைப் பதனிட்ட பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன்தான். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கோடிக்கணக்கில் வணிகமாவது அந்தப் புரதம்தான். அங்கிருந்து கிடைத்த மாதிரிகளில் எக்ஸ்ரே பாய்ச்சி, கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1955-இல் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட புரி அது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு இன்றும் டிரிப்பிள் ஹெலிக்ஸ் என்றுதான் பெயர்.

புற்றுச் செல் கடந்துபோக வேண்டிய நிலப்பரப்பு இந்தப் புரிகளால் ஆனது. நம் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம் கொலாஜன். அதன் நார்கள் பின்னிய வலைக்குள் இடைவெளிகள் பல இடங்களில் சில மைக்ரான்தான். புற்றுச் செல்லின் விட்டமோ பத்து முதல் இருபது மைக்ரான். அறுத்துக்கொண்டு போகலாம், அல்லது இறுகி நுழையலாம். அறுப்பதுதான் முக்கியம் என்று 1990-களில் பலரும் நம்பினார்கள். நாரை அறுக்கும் என்சைம்களை முடக்கும் மருந்துகளைப் பெரும் செலவில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஏமாற்றமே மிஞ்சியது. 2003 வாக்கில், அந்த என்சைம்களை முடக்கிய பிறகும் செல்கள் உருவத்தை மாற்றிக்கொண்டு இடுக்குகள் வழியே நழுவிப் போவதை ஆய்வகங்கள் படம்பிடித்துவிட்டன.

ஆக, இறுகி நுழைவதுதான் கேள்வி. செல்லின் பெரும்பகுதி தண்ணீர். செல் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்க வேண்டுமென்றால், அந்தத் தண்ணீர் சுவரைக் கடந்து வரவும் போகவும் வேண்டும். செல்லின் சுவரோ கொழுப்பால் ஆனது. தண்ணீர் அதைக் கடக்கும், ஆனால் மெதுவாக.

சிவப்பணுக்கள் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. 1957-இல் ஹார்வர்டில் விக்டர் சைடலும் ஆர்தர் சாலமனும் மனிதச் சிவப்பணுவுக்குள் தண்ணீர் நுழையும் வேகத்தை அளந்தபோது, கொழுப்புச் சுவரை மட்டும் வைத்து அந்த வேகத்தை விளக்க முடியவில்லை. ஏதோ துளைகள் இருக்க வேண்டும். 1970-இல் ராபர்ட் மேசியும் ஃபார்மரும் பாதரசச் சேர்மங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தண்ணீரின் வேகம் சட்டென்று விழுந்தது. பாதரசம் ஒட்டிக்கொள்வது புரதத்தின் குறிப்பிட்ட இடங்களில்தான். எனவே துளை இருப்பது ஒரு புரதத்துக்குள். எந்தப் புரதம்? அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நடுவில் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் கெயோர்கே பெங்கா கதிரியக்கப் பாதரசத்தை அடையாளமாக ஒட்டி, சிவப்பணுச் சுவரில் தண்ணீர்ப் பாதையோடு தொடர்புள்ள புரதங்களை 1986-இல் காட்டினார். சௌசெஸ்குவின் ஆட்சியில் மூடிக்கிடந்த நாட்டிலிருந்து, வசதி குறைந்த ஆய்வகத்திலிருந்து வந்த வேலை அது. பின்னால் நோபல் அறிவிப்பில் அவர் பெயர் இல்லை. புரதத்தைத் தனியே பிரித்து, மரபணுவைப் படித்து, அது தண்ணீரைக் கடத்துகிறது என்று நேரடியாக நிரூபித்தவர் வேறொருவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் பாதரசத்தின் வழியே அந்த வாசலைச் சுட்டிக்காட்டியவருக்கு வரலாற்றில் ஒரு பத்தியாவது உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த வேறொருவர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரத்தவியல் மருத்துவராக இருந்த பீட்டர் ஆக்ரே. அவர் தண்ணீரைத் தேடவில்லை. நாம் எல்லோரும் அடையாள அட்டையில் எழுதும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஆர்எச் ரத்த வகைக்குக் காரணமான புரதத்தைச் சிவப்பணுவிலிருந்து தூய்மையாகப் பிரிக்க முயன்றார். ஒவ்வொரு முறையும் அதோடு இன்னொரு சிறிய புரதம் ஒட்டிக்கொண்டு வந்தது. வழக்கமாகப் புரதங்களைக் காட்டிக்கொடுக்கும் நீலச் சாயம் அதில் சரியாகப் பிடிக்காததால், அதுவரை சிவப்பணுவை ஆராய்ந்தவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு சிவப்பணுவிலும் லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது இருந்தது. ஆக்ரே அதை அசுத்தம் என்று தள்ளிவிடாமல் பிரித்தெடுத்து, 1988-இல் அதைப் பற்றி எழுதினார். சிறுநீரகத்தின் குழல்களிலும் அதே புரதம் ஏராளமாக இருந்தது. என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

தான் முன்பு பயிற்சி பெற்ற வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் பார்க்கரிடம் ஆக்ரே இதைச் சொன்னார். சிவப்பணுவிலும் இருக்கிறது, சிறுநீரகத்திலும் இருக்கிறது என்றதும், உடலியலாளர்கள் பல காலமாகத் தேடும் தண்ணீர் வாசலாக இது இருக்கக்கூடாதா என்று பார்க்கர் கேட்டார். அந்தக் கேள்வி இல்லையென்றால் இந்தக் கதை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போயிருக்குமோ. இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் வந்த 2003 வரை பார்க்கர் உயிரோடு இல்லை என்பது இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இன்னொரு விஷயம்.

சோதனைக்கு ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தவளை நன்னீரில் முட்டையிடும். உப்பில்லாத தண்ணீரில் கிடந்தும் முட்டை ஊதி வெடிப்பதில்லை, ஏனென்றால் அதன் சுவர் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. கிரெகரி பிரெஸ்டனும் வில்லியம் குகினோவும் ஆக்ரேயும் அந்த முட்டைக்குள் புதிய புரதத்தைச் செய்வதற்கான ஆர்என்ஏவைச் செலுத்தினார்கள். சில நாள் விட்டு, உப்புக் குறைந்த தண்ணீருக்கு மாற்றினார்கள். சாதாரண முட்டைகள் அப்படியே கிடந்தன. புரதம் ஏறிய முட்டைகள் சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. பாதரசம் சேர்த்தால் ஊதுவது நின்றது. பாதரசத்தைப் பிடுங்கி எடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் மீண்டும் ஊதியது. 1992-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. அந்தப் புரதம்தான் இன்று அக்வாபோரின்-1. ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல், அயனிக் கால்வாய்களை ஆராய்ந்த ராட்ரிக் மெக்கின்னனோடு பகிர்ந்து.

மனித உடலில் இந்தக் குடும்பத்தில் 13 உறுப்பினர்கள். 2000-இல் கியோட்டோவின் யோஷினோரி ஃபுஜியோஷி குழு அக்வாபோரின்-1-இன் அமைப்பை அணு அளவில் காட்டியது. நடுவில் ஒடுங்கிய ஒரு குழல். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் 30 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். ஆனாலும் ஒரு வாசல் வழியாக வினாடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள் கடக்கின்றன. உப்பு கடக்காது, அமிலத்தின் புரோட்டான்கூடக் கடக்காது.

இந்த வாசலில் எந்த மோட்டாரும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் எல்லாமே இதில் நிற்கிறது. தொழில்தடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆர்.ஓ. பிளான்ட் பழக்கமான சங்கதி. அங்கே பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்து, உப்பை ஒரு பக்கம் நிறுத்தித் தண்ணீரை மறுபக்கம் தள்ளுகிறோம். செல்லுக்குத் தண்ணீரைத் தள்ளும் பம்ப் கிடையாது. அது உப்பைத்தான் நகர்த்தும். உப்பு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் தானாகப் போகும். அக்வாபோரின் இருந்தால் வேகமாகப் போகும், அவ்வளவுதான். டென்மார்க்கில் ஒரு நிறுவனம் இந்தப் புரதத்தையே ஆர்.ஓ. சவ்வில் பதித்து விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் கதை அந்தத் திசையில் போகாமல் கட்டியின் பக்கம் திரும்புகிறது.

ஆராய்ச்சியாளர்கள் கட்டிகளுக்குள் அக்வாபோரினைத் தேடத் தொடங்கியபோது பல இடங்களில் அது மிகுதியாகத் தென்பட்டது. குடல், மார்பகம், நுரையீரல், மூளைக் கட்டிகள் என்று பட்டியல் நீண்டது. மிகுதியாக இருப்பது காரணமா, விளைவா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி, அந்தப் புரதமே இல்லாத விலங்கை வைத்துப் பார்ப்பது. சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் வெர்க்மனின் ஆய்வகம் அக்வாபோரின்-1 மரபணு நீக்கப்பட்ட எலிகளை 1990-களின் இறுதியிலேயே உருவாக்கியிருந்தது. சமீரா சாதூன், மாரியோஸ் பாபடோபூலோஸ், மாரிகோ ஹரா-சிகுமா ஆகியோர் வெர்க்மனோடு சேர்ந்து அந்த எலிகளுக்குள் மெலனோமா புற்றுச் செல்களை வைத்தார்கள். 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. சாதாரண எலிகளில் கட்டி வழக்கம்போல் வளர்ந்தது. அக்வாபோரின்-1 இல்லாத எலிகளில் கட்டி சிறிதாக இருந்தது. உள்ளே ரத்தக்குழாய்கள் குறைவு. ரத்தம் எட்டாமல் கட்டியின் பகுதிகள் செத்துக்கிடந்தன. எலிகள் அதிக நாள் உயிரோடு இருந்தன.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இங்கே புற்றுச் செல்கள் இரண்டு வகை எலிகளிலும் ஒன்றேதான். மாறியது, கட்டிக்குத் தீனி கொண்டுவரும் ரத்தக்குழாய்களைக் கட்டும் செல்கள். அவற்றைத் தனியே எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். பெருகும் வேகத்தில் குறையில்லை, பிடித்துக்கொள்ளும் திறனில் குறையில்லை. நகரும் வேகம் மட்டும் விழுந்திருந்தது. பிறகு வேறு சாதாரணச் செல்களில் அக்வாபோரின்-1-ஐ ஏற்றினார்கள், வேகமாக நகர்ந்தன. அமைப்பில் மாறுபட்ட அக்வாபோரின்-4-ஐ ஏற்றியபோதும் அதே பலன். ஆகவே அந்தக் குறிப்பிட்ட புரதத்தின் வேறு ஏதோ குணம் என்று ஒதுக்க வழியில்லை. இரண்டுக்கும் பொதுவானது தண்ணீரைக் கடத்துவதுதான்.

அடுத்த ஆண்டே புற்றுச் செல்களையும் சோதித்தார்கள். ஹூவும் வெர்க்மனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் மெலனோமா, மார்பகப் புற்றுச் செல்களில் அக்வாபோரினை ஏற்றினால் அவை ரத்தக்குழாய்ச் சுவரை அதிகமாகக் கடந்தன. வால் சிரை வழியே ரத்தத்தில் விட்டபோது நுரையீரலில் அதிகக் கட்டிகள் தோன்றின. ஓடும் செல்லில் இந்த வாசல்கள் முன்பக்க விளிம்பில் குவிகின்றன என்பதும் தெரிந்தது. விளிம்பில் அயனிகள் சேர்கின்றன, அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் வாசல் வழியே நுழைகிறது, சவ்வு முன்னால் புடைக்கிறது, புடைத்த இடத்துக்குள் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் வளர்ந்து அதை உறுதிப்படுத்துகின்றன. பழைய பாடத்தில் எல்லாப் பெருமையும் ஆக்டினுக்குத்தான். தண்ணீரும் சேர்ந்துதான் தள்ளுகிறது என்பது புதுச் சேர்க்கை.

எவ்வளவு தள்ளுகிறது? அந்தக் கேள்விக்கு 2014-இல் மறுபடி பால்டிமோரிலிருந்தே பதில் வந்தது. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கான்ஸ்டன்டினோஸ் கான்ஸ்டன்டோபூலோஸ், ஷான் சன், கிம்பர்லி ஸ்ட்ரோகா குழு, செல் நுழைந்தால் சுவர் முழுவதையும் தொட்டுக்கொண்டு போகும் அளவுக்குக் குறுகிய, மூன்று மைக்ரான் அகலமுள்ள வாய்க்கால்களைச் செய்தது. ஒரகடத்தில் டூல் ரூமில் அச்சு வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிலிக்கான் தட்டில் ஒளியால் வடிவத்தைப் பதித்து அச்சு எடுக்கிறார்கள். அதன்மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி, சூட்டில் இறுக வைத்து, உரித்து, கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். உள்ளே புற்றுச் செல்லை விட்டு, ஆக்டின் இழை வளர்வதை மருந்தால் நிறுத்தினார்கள். திறந்த பரப்பில் செல் நின்றுவிடும். குறுகிய வாய்க்காலிலோ அது தொடர்ந்து நகர்ந்தது. முன்பக்கம் சோடியத்தை உள்ளே இழுக்கும் புரதமும் அக்வாபோரின்-5-உம் சேர்ந்து தண்ணீரை உள்ளே கொண்டுவர, பின்பக்கம் தண்ணீர் வெளியேற, செல் முன்னேறியது. அக்வாபோரின்-5-ஐக் குறைத்தால் வேகம் குறைந்தது. வாய்க்காலின் ஒரு முனையில் திரவத்தின் உப்புச் செறிவை மாற்றினால் செல் திசையையே திருப்பிக்கொண்டது.

ராமச்சந்திரனின் புரிகள் பின்னிய வலையின் இடுக்குகளில், ஒரு புற்றுச் செல் தண்ணீரை முன்னால் வாங்கிப் பின்னால் விட்டுக்கொண்டே ஊர்ந்து போக முடியும். அறுபது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வேலைகள் இங்கே ஒன்றுசேர்கின்றன. ஒரகடத்தில் சிப்காட் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கிறது. இப்படிப்பட்ட நுண்வாய்க்கால் கருவிகளை, ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் எவ்வளவு ஓடக்கூடியவை என்று பார்க்கும் சோதனைக் கருவிகளை, அங்கே செய்ய முடியாத காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கார் உதிரிபாகத்தில் மைக்ரான் கணக்கில் தரம் பார்க்கும் கைகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

எல்லா அக்வாபோரினும் ஒரே வேலை செய்வதில்லை. தோலில் இருக்கும் அக்வாபோரின்-3 தண்ணீரோடு கிளிசராலையும் கடத்தும். அது இல்லாத எலிகளில் தோல் கட்டிகள் உருவாகவே இல்லை என்று 2008-இல் ஹரா-சிகுமாவும் வெர்க்மனும் காட்டினார்கள். அங்கே நகர்வைவிடக் கிளிசரால் வழியே செல்லுக்குக் கிடைக்கும் ஆற்றல் பெரிய பங்கு வகித்தது. அதே புரதம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உள்ளே விடும், அது செல்லுக்குள் நகர்வு ஆணைகளைத் தூண்டும் என்பது பின்னால் தெரிந்தது. கல்லீரல் புற்றில் அக்வாபோரின்-9 குறைந்துபோகிறது, கூடுவதில்லை. எனவே ‘அக்வாபோரினை அடைத்தால் புற்று நிற்கும்’ என்ற ஒற்றை வரி எந்த நேர்மையான மருத்துவரின் வாயிலிருந்தும் வராது.

அடைக்கும் மருந்தைத் தேடிய கதைக்கு இப்போது வருவோம். பாதரசம் அடைக்கும், ஆனால் அதை உடலுக்குள் விட முடியாது. கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஏன் 2001-இல் மூடப்பட்டது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். தங்கம், வெள்ளிச் சேர்மங்களும் நஞ்சுதான். வாசல் மிகக் குறுகியது, தண்ணீரோ மிகச் சிறிய மூலக்கூறு. அதன் வாயில் சரியாகப் பொருந்தும் மருந்தைக் கண்டுபிடிப்பதில் பல ஆய்வகங்கள் தோற்றன. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா யூல், மூலிகைகளின் பக்கம் திரும்பினார். 2016-இல் அவருடைய குழு அறிவித்த செடி, நம் ஏரிக்கரைகளின் நீர்ப்பிரமி.

தடித்த சிறு இலையும், வெளிறிய ஊதா படர்ந்த வெள்ளைப் பூவுமாய் ஈரத்தில் படரும் கொடி அது. ஏரி விளிம்பும் வரப்போரமும் அதற்கு உகந்த இடம்; பிள்ளைப்பாக்கத்திலிருந்து செம்பரம்பாக்கம் வரை ஏரிகள் தொடுத்து நிற்கும் இந்த மண் அப்படிப்பட்டதுதான். நினைவாற்றலுக்கென்று நாட்டு மருத்துவம் காலங்காலமாகக் கொடுத்துவந்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்து வேதியியலாளர்கள் 1960-களில் அதிலிருந்து பாகோசைடுகள் என்ற சேர்மங்களைப் பிரித்தார்கள். 2001-இல் கொல்கத்தாவின் சக்ரவர்த்தி குழு, ஜப்பானியர்களோடு சேர்ந்து, பாகோபசைடு 1, பாகோபசைடு 2 என்ற இரண்டு மூலக்கூறுகளின் அமைப்பைத் தீர்மானித்தது. யூலின் குழு அந்த இரண்டையும் தவளை முட்டையில் சோதித்தது. ஆம், அதே தவளை முட்டை. இரண்டுமே அக்வாபோரின்-1 வழியே தண்ணீர் போவதைத் தடுத்தன. ஆனால் அதே அளவு தடுக்க, இரண்டாவதைவிட முதலாவது ஆறு மடங்குக்கு மேல் தேவைப்பட்டது. பிறகு குடல் புற்றுச் செல்களில் பார்த்தார்கள். அக்வாபோரின்-1 மிகுந்த ஒரு வகைச் செல்லின் நகர்வு குறைந்தது. அது குறைவாக இருந்த இன்னொரு வகையில் பெரிய மாற்றமில்லை. மருந்து பிடித்த இடம் அந்த வாசல்தான் என்பதற்கு இது நல்ல சான்று.

இங்கே நான் மிகவும் கவலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு. நீர்ப்பிரமிச் சாறு குடித்தால் அந்த மூலக்கூறு அந்தச் செறிவில் ரத்தத்தில் சேரும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. சேர்ந்தாலும் மனிதருக்குள் புற்று பரவுவது நிற்கும் என்றும் காட்டவில்லை. கைபேசியில் ஒரே நாளில் ஊரைச் சுற்றும் செய்திகளில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். காரப்பேட்டையில் கீமோவுக்கு நாள் குறித்த ஒருவர், இலையை அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால், இழப்பது அவருடைய உயிர். இந்தக் கட்டுரையை யாராவது அப்படி வெட்டி அனுப்பினால், அதை நம்ப வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையான மருந்து ஒரு நாள் வந்தால் உடல் தாங்குமா என்பதற்கு இயற்கையே ஒரு துப்பு வைத்திருக்கிறது. கோல்டன் என்ற அரிய ரத்த வகை அக்வாபோரின்-1-இன் மேல்தான் அமைந்திருக்கிறது. அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் உலகில் இருக்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் 2001-இல் அவர்களில் இருவரைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்து பார்த்தபோது, அவர்களுடைய சிறுநீரகத்தால் சிறுநீரைப் போதுமான அளவு அடர்த்தியாக்க முடியவில்லை. குளிர்ந்த அறையில் இருப்பவருக்கு இது சிறிய குறை. கண்ணாடி உலைக்கும் டயர் வேகவைக்கும் பிரஸுக்கும் அருகே எட்டு மணி நேரம் நின்று, கழிப்பறைக்குப் போக நேரமில்லையென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் தொழிலாளிக்கு இதே குறை ஆபத்தாக முடியலாம். மருந்தைச் சோதிக்கும்போது யாரை மனதில் வைத்துச் சோதிக்கிறார்கள் என்பது முக்கியம்.

இன்னொரு தடை, சோதிக்கும் முறையிலேயே இருக்கிறது. புற்று மருந்துகளைப் பொதுவாகக் கட்டி எவ்வளவு சுருங்கியது என்று ஸ்கேனில் அளந்து மதிப்பிடுகிறார்கள். நகர்வை மட்டும் நிறுத்தும் மருந்து, இருக்கும் கட்டியைச் சுருக்காமலே போகலாம். அதன் பலன் வேறு இடத்தில் புதுக் கட்டி வராமல் இருப்பதில்தான் தெரியும். வராததை அளக்க வேண்டுமென்றால், அறுவை முடிந்த நோயாளிகளை ஐந்தாண்டு, பத்தாண்டு என்று விடாமல் தொடர வேண்டும். அடையாறு நிலையத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு. 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே இயங்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின் ஆட்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், இறப்புப் பதிவுகளையும் பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சேர்க்கிறார்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆறு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கி, கான்ட்ராக்ட் முடிந்ததும் அறையையும் கைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு வேறு மாவட்டத்துக்கோ ஒடிசாவுக்கோ பீகாருக்கோ போய்விடும் ஒருவரை எந்தப் பதிவேடு பத்தாண்டு தொடரும்? பரவுவதைத் தடுக்கும் மருந்து நம் ஊரில் சோதிக்கப்படும் காலம் வரும்போது, அதன் விடை ஆய்வகத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இந்த முகவரிகளிலும் இருக்கும்.

அடுத்த பகுதியில், ரத்தத்தில் மிதந்து போகும் செல்களை முதலில் பார்த்தவர்களின் கதை.